அக்கரைத் தகரச் சத்தம்

மாந்தோப்புக் காவல் என்பது கண்ணும் காதும் இருந்தால் போதும், வாயே தேவைப்படாத வேலை. எண்பதுகளின் கடைசியில், கமுதிப் பக்கம் மழை ஏமாற்றிய வருஷங்களில், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடித் தோப்புகளுக்குக் காவலுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். மாசியில் பிஞ்சு பிடித்ததும் போனால், திரும்ப ஆடி ஆகிவிடும். கல்யாணமான புதிது வேறு. பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு, வெளியூரில் தாங்களே கஞ்சி காய்ச்சிக் குடித்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

நாலு கம்பு

தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் டவுனில் பழக்கடை வைத்திருந்த பாய். நல்ல மனுஷர்தான். ஆனால் காவல்காரனுக்கு அவர் போட்டுக் கொடுத்த வீடு நாலு கம்பு, மேலே தென்னங்கிடுகு. கதவு கிடையாது. சாரல் வரும், தேள் வரும், பாம்பு வந்து போகும், மனுஷர்தான் வருவதில்லை. குடிக்க ஓடைத் தண்ணீர்.

பெண்டாட்டியையும் கூட்டி வந்துவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பாய் குடிசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, நீயே பாதி வெளியிலதான் படுத்திருக்கே. அந்தப் புள்ளைய எங்க படுக்க வைப்பே?"

உப்பு, புளி

வாரத்துக்கு ஒரு தடவை, பாயின் ஆள் தோப்பைப் பார்த்துக்கொள்ள, அரிசி வாங்க டவுனுக்குப் போவேன். அதுதான் எனக்குத் திருவிழா. பலசரக்குக் கடை ஆச்சியிடம் உப்பு கேட்பேன். கட்டித் தந்து அவர் உட்கார்ந்ததும் புளி கேட்பேன். அப்புறம் தீப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஊர் நிலவரம் ரெண்டு வார்த்தை விசாரிப்பேன். மொத்தமாகக் கேட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடுமே!

முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலாவது தடவை எழுந்தபோது ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஏய்யா, அம்புட்டையும் ஒண்ணாச் சொல்லித் தொலைச்சா என்ன? ஒமக்குப் பொழுது போகலைங்கதுக்கு எம் முழங்காலா கெடைச்சுது?"

பதில்

காய் திரளும் காலத்தில் இருட்டத் தொடங்கியதும் வௌவால் கூட்டம் இறங்கும். தகரத்தைத் தட்டித்தான் விரட்ட வேண்டும். நான் தட்டி நிறுத்தினால், ஓடைக்கு அந்தப்பக்கத் தோப்பிலிருந்து இன்னொரு தகரம் பதில் சொல்லும். அங்கேயும் என்னைப்போல ஒரு ஒண்டிக்கட்டை! நான் திரும்பத் தட்டுவேன், அவரும் தட்டுவார். முகம் தெரியாத அந்த மனுஷரோடு ரெண்டு மாசம் இப்படியே பேசிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் ஓடையைத் தாண்டி அவரே வந்தார். சாயல்குடிப் பக்கத்துப் பெரியவர். ஆசையாக எழுந்து நின்றேன்.

"ஏலே, நீதானா அது? நீ தட்டுனா வௌவாலெல்லாம் என் தோப்புக்கு வருது. நான் திருப்பி விடுததுக்குத் தட்டுனா, நீ விடாமத் தட்டுதியே, ஒனக்கு அப்படி என்ன கோவம் எம்மேல?"

அவள் வந்தாள்

மூன்றாவது வருஷம் பாய் மனமிரங்கித் தார்ப்பாயும் தட்டியும் கொடுத்தார். பெண்டாட்டி வந்து இறங்கினாள். மூன்று வருஷக் காவலில் சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டேன். மறுநாளும் அதையேதான் கேட்டேன். ராத்திரி முழுக்க மரம் மரமாகத் தகரம் தட்டிவிட்டு, விடிந்ததும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். அவள் ஓடையையும் மலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் பையை எடுத்துவிட்டாள். கோபமில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"ஒங்ககூட இருக்கலாம்னுதான் வந்தேன். இங்கயும் தனியாத்தான் இருக்கணும்னா நான் ஊர்லயே இருந்துக்கிடுதேன். அங்க சண்டை போடவாவது ஒங்க அம்மா இருக்காக."

பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம் வௌவால் இறங்கும் முன்பே தகரத்தைத் தட்டினேன். அக்கரைப் பெரியவர் திட்டிக்கொண்டேதான் தட்டியிருப்பார், ஆனாலும் பதில் வந்தது.