தம் வீட்டுக்குத் தாமே ஓடு மாற்றிய அக்கா

எங்கள் அக்கா இலுப்பூருக்கு அருகே, கடலை விளையும் செம்மண் ஊரில், மூத்த மகளாகப் பிறந்தார். சிறு வயதில் அம்மை கண்டு இரு கண்களின் பார்வையும் போயிற்று. திருச்சியில் பார்வையற்றோர் விடுதிப் பள்ளியில் படித்து, நாற்காலிக்கு ஒயர் பின்னக் கற்றுக்கொண்டார். உடன் படித்தவரையே பின்னாளில் மணந்தார். மச்சானுக்கும் பார்வை கிடையாது. "ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாம எப்படிக் குடும்பம் நடத்துவீங்க?" என்று கேட்ட உறவினர்களுக்கெல்லாம் அக்கா, "சமைச்சு வைக்கிறேன், சாப்பிட வாங்க" என்றே பதில் சொல்வார். நார்த்தாமலைப் பக்கம் ஒரு சிறிய ஓட்டு வீட்டை வாங்கி இருவரும் குடியேறினார்கள்.

புயல் அடித்த ஆண்டில் அந்த வீட்டின் ஓடுகள் பாதிக்கு மேல் சரிந்துவிட்டன. சுற்றுவட்டாரம் எங்கும் கூரை போன வீடுகள். நாளை வருகிறேன் என்ற வேலையாட்கள் வரவே இல்லை. சமையலறை மூலையில் தார்ப்பாய் கட்டி இருவரும் ஒதுங்கியிருந்தார்கள். இன்னொரு மழை வந்தால் மண் சுவர் கரைந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்படி அழைத்தேன்.

"வந்தா இந்தச் செவரு நிக்காது தம்பி. செவரு போயிருச்சுன்னா அப்பறம் நாங்க அங்கிட்டேதான் இருக்கணும்," என்றார் அக்கா. "நாங்களே மாத்திக்கிறோம். மரம் நல்லா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

பார்த்தேன்; கூரையைத் தாங்கும் பனங்கைகள் உறுதியாகவே இருந்தன.

விழுந்த ஓடுகளை மச்சான் வாசலில் சேர்த்தார். அக்கா ஒவ்வொன்றையும் விரலால் தட்டினார். கணீரென்றால் நல்ல ஓடு, ஒரு பக்கம்; சத்தம் அடைத்திருந்தால் விரிசல், மறுபக்கம். குறைந்ததற்குப் புது ஓடு வாங்கினோம். முகட்டு மரத்தில் நான் கயிறு கட்டினேன். இழுத்துப் பார்த்தவர், "அவுத்துட்டுத் திரும்பக் கட்டு" என்றார். மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஓட்டின் விளிம்பில் பள்ளமும் மேடும் உண்டு; ஒன்று மற்றொன்றில் பொருந்தி அமர்ந்தால் கைக்கே தெரிந்துவிடும். கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்தில் தொடங்கி வரிசை வரிசையாக மேலே போனார்.

நடுவில், பனங்கை மேல் ஓடு தாங்கும் மெல்லிய சட்டம் ஒன்று முறிந்து கால் சறுக்கியது. கயிறு தாங்கிக்கொண்டது. நான் கீழிருந்து கத்தினேன்.

"போதுங்க்கா, எறங்கிரு."

மச்சான் கீழிருந்து, "அடிபட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"முட்டியில செராய்ப்புதாங்க. அடுத்த ஓட்டைக் குடுங்க."

வேய்ந்து முடித்ததும் பக்கத்து வீட்டு அம்மா கூரை மேல் டியூப்பில் தண்ணீர் அடித்தார். மச்சான் உள்ளே கைகளை விரித்தபடி நடந்தார். சொட்டு விழுந்த இடத்தில் நின்று கம்பால் ஓட்டைத் தட்டுவார். மேலே அக்கா சத்தம் வந்த இடத்துக்கு நகர்ந்து சரிசெய்வார். அந்த வார மழையில் அடுப்படி முதல் வாசற்படி வரை உலர்ந்தே கிடந்தது.

செய்தி பரவி, பார்வையற்ற நண்பர்கள் தேடி வந்தார்கள். அவர்கள் பழகுவதற்கென்று வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாய்வுக் கூரை அடிக்கச் செய்தார் அக்கா. "மொதல்ல இதுல பழகுங்க. விழுந்தாலும் மண்ணுலதான் விழுவீங்க," என்பார். குடுமியான்மலையிலிருந்து வந்த ஒரு தோழி இதில் பழகித் தம் வீட்டுக் கூரையை முடித்தார்.

பின்னர் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. மருத்துவமனைக்குப் போய்வந்த ஓய்வு நாட்களிலும் வந்தவர்களின் கையைப் பிடித்து ஓட்டின் விளிம்பைக் காட்டினார். சென்ற ஆண்டு, தம் வீட்டிலேயே, மச்சானின் கையைப் பற்றியபடி கண்மூடினார். துக்கத்துக்கு வந்த குடுமியான்மலைத் தோழி என்னிடம், "இந்த மழைக்கு எங்க வீடு ஒழுகலங்க. அக்காகிட்டச் சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

அக்காவுக்கு ஏணி பிடித்த அண்டை வீட்டாருக்கும், அலுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஆட்டோ தம்பிக்கும், முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மச்சான் அதே வீட்டில்தான் இருக்கிறார். உங்களுக்குத் தெரிந்த பார்வையற்றவர் எவர் வீடாவது ஒழுகினால் மச்சானிடம் அனுப்பி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுக்கிறார்.

அன்புத் தம்பி