தாளின் ஓரங்கள்

சாலையில் வெள்ளைக் கோடு போடுவது அவர் வேலை. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் 'கோட்டுக்காரர்'. சூடான பெயின்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு நாளெல்லாம் நடப்பார். காலையில் மகள் எழுவதற்குள் கிளம்பிவிடுவார், திரும்ப மாலை ஆறு மணியாகும். ஏழு வயது மகளிடம் அவர் பேசுவதெல்லாம் "சாப்பிட்டியா? படிச்சியா?" என்ற இரண்டு கேள்விகள்தான். அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.

தையல் ஆலைக்குப் போய்வந்த மனைவிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "வழி கேக்கறவங்ககிட்டகூட நாலு வார்த்தை பேசுறீங்க. பெத்த பொண்ணுகிட்ட என்ன கஞ்சத்தனம்?"

அவருக்குச் சுருக்கென்றது. என்ன பேசுவதென்று தெரியாமல், பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு கோடு கிழித்தார். "இப்ப நீ ஒண்ணு போடு பாப்பா."

அவர் ஒரு கோடு, அவள் ஒரு கோடு. கடைசியில் வந்தது குதிரையா கழுதையா என்று சண்டை.

"கழுதைதான்பா. காது அப்படியே உங்களுது!"

சமையலறையில் மனைவி சிரிப்பது கேட்டது.

அன்றிலிருந்து தினமும் பத்து நிமிஷம். கோடு போட்டபடியே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கொட்டுவாள்.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள், தாளின் மூலையில் அவர் போட்ட கோட்டை அவள் தொடரவில்லை. "எங்க போட்டீங்கப்பா?" என்று தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவர் பழைய தாள்களை எடுத்துத் தரையில் பரப்பினார். முதலில் தாள் முழுக்க ஓடிய அவள் கோடுகள், மாதாமாதம் நடுவை நோக்கி ஒதுங்கிக்கொண்டே வந்திருந்தன. அவள் கதவில் இடித்துக்கொண்டபோதெல்லாம், "பாத்து நடக்கத் தெரியாதா?" என்று திட்டியது நினைவுக்கு வந்தது.

கண் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "பார்வை ஓரத்துலேர்ந்து சுருங்கிட்டு வருது. நிறுத்த மருந்து இல்ல. ஆனா மெதுவாத்தான் போகும். பழகிக்க நேரம் இருக்கு."

அடுத்த நாலு நாள் அவர் தாளைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் மகளே வந்து எதிரில் நின்றாள்.

"என் கண்ணுக்குத்தான் சரியில்ல. உங்க கைக்கு என்ன?"

அவர் கோந்து டப்பாவை எடுத்து, தாளில் கோடாக ஊற்றிக் காயவைத்தார். காய்ந்து புடைத்த கோட்டை அவள் விரலால் தடவி, தன் கோட்டை அதில் சேர்த்தாள்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. நடுவில் சின்ன வட்டமளவு பார்வைதான் மிச்சம். அசதியில் அவர் குப்புறப் படுத்துவிட்டால் முதுகில் விரலால் வரைவாள், அவர் கண்டுபிடிக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெகுநேரம் வரைந்தாள்.

"மலையா?"

"இல்ல."

"கப்பலா?"

"அம்மா முகம்பா! அந்த ரூம்ல தூங்கறாங்க. பக்கத்துல உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா பாத்து வச்சுக்கிட்டேன். கை மறக்காம இருக்கணும்ல?"

அவர் முகத்தைத் தலையணையிலிருந்து எடுக்கவில்லை.

"மூக்கு சரியா வரல. இன்னொரு தடவை வரைம்மா," என்றார்.