ஐம்பதுக்கு ஐம்பது

சனிக்கிழமை காலை, எங்கள் ஸ்ட்ரெதம் வீட்டுத் தொலைக்காட்சியில் இரண்டு ஜப்பானிய ஆண்கள் முள்ளங்கி சீவுகிறார்கள். காதலர்கள். நான் சேர்ட் அயன் பண்ணிக்கொண்டே பார்க்கிறேன். நாலு சேர்ட் முடிந்துவிட்டது, அவர்கள் இன்னும் கை கூடப் பிடிக்கவில்லை. "அட, தொடுங்கோவனப்பா!" என்று கத்துகிறேன். என்னோடு வாழும் கொலின் தன் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்குகிறான். அவனுக்கு இது கோயில் மாதிரி. ஆண்களைக் காதலிக்கும் ஆண்களைப் பற்றி ஜப்பான்காரர் எடுக்கும் தொடர்களை அவன் ஒன்று விடாமல் பார்த்துத் தள்ளுகிறான். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், அவற்றில் அடிதடி இல்லை, ஒருவரும் மருந்து குடித்துச் சாவதில்லை. நாயகன் சமைப்பான், கண்ணாடி முன் நிற்பான், தான் இப்படியே இருக்கலாம் என்று பத்தாவது அத்தியாயத்தில் கண்டுபிடிப்பான். ஐம்பது வயதாகியும் எனக்குப் பிடிபடாதது அது.

லண்டனுக்கு வந்த புதிதில் நடந்த அகதி விசாரணையில், ஊரில் ஏன் இருக்க முடியாது என்று மூன்று மணித்தியாலம் சொன்னேன். ஒரு காரணத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர்க்காரர். வெள்ளைக்காரன் எழுதி முடிக்குமுன் கதை என் அக்காவிடம் போயிருக்கும்.

பதினொரு வருடத்துக்கு முன் ஒருநாள் துணிந்தேன். எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் அக்காவின் மகள் வயதுக்கு வந்ததற்குச் சாமத்தியவீடு. கொலினைக் கூட்டிப்போய் அக்காவுக்கும் அத்தானுக்கும் முன்னால் நிறுத்தி, "இவர் என்ர பார்ட்னர்" என்றேன். அத்தான் பாரிசில் இருந்து வந்து செவன் கிங்ஸில் கடை போட்டவர். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பிடியே! என்ன பிஸ்னஸ்? எத்தினை வீதம் பங்கு?"

"ஐம்பதுக்கு ஐம்பது" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"வெள்ளையளோட கவனமா இரும்" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, கொலினின் கையை இறுகப் பிடித்து, "குட் பிஸ்னஸ்?" என்று கேட்டார். கொலின் அதை ஏதோ எங்கள் முறைப்படியான ஆசீர்வாதம் என்று நினைத்து, "வெரி ஹாப்பி" என்று கண் கலங்கினான். நான் உண்மையைத்தானே சொன்னேன், அவர்கள்தானே பிழையாக விளங்கினார்கள் என்று அன்றிலிருந்து சமாளித்துக்கொண்டு வந்தேன். சும்மா கதை. அந்தப் பிழை எனக்குப் பரம சுகமாக இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை, முள்ளங்கிக்காரன் தன் தகப்பனிடம் விசயத்தைச் சொன்னான். தகப்பன் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஸோ கா" என்றார். எனக்கு அது "சோக்கா" என்று கேட்டது. அடடா, மகன் இப்படிச் சொல்ல, சோக்கான விசயம் என்கிற தகப்பனா! நாசமாய்ப் போக, எனக்கு அழுகை வந்துவிட்டது. அயன்பெட்டி ஆவி என்றேன். கொலின் நம்பவில்லை. ஸோ கா என்றால் "அப்படியா" என்றுதான் பொருள் என்று விளக்கினான். அது எங்கள் அத்தான் "அப்பிடியே" என்று மூச்சுக்கு மூச்சுச் சொல்லுகிற சொல்லல்லவா!

அடுத்த கிழமை அத்தான் செவன் கிங்ஸ் வீட்டுக்குக் கூப்பிட்டார். கடையை விற்றுவிட்டாராம், சும்மா இருக்க ஏலாதாம்.

"உங்கட பிஸ்னஸில என்னையும் சேரும். மூண்டாவது பார்ட்னரா வாறன். கொலினைக் கேட்டுச் சொல்லும்."

சிரிப்பு வந்தது. உடனேயே பயமும் வந்தது. இந்த நாட்டில் இரத்த உறவென்று எனக்கு இருப்பது இந்த ஒரு வீடு. இதுவும் கதவைச் சாத்தினால் எங்கே போவேன்?

"பிஸ்னஸ் ஒண்டும் இல்லை அத்தான். நானும் கொலினும் குடும்பமா இருக்கிறம்."

ஜப்பானில் என்றால் இந்த இடத்தில் மழை பெய்யும், பியானோ கேட்கும். செவன் கிங்ஸில் குக்கர் விசிலடித்தது. மூன்றாவது விசிலுக்கு அக்கா எழுந்து குசினிக்குள் போனாள். திரும்பி வரவில்லை.

"அப்பிடியே" என்றார் அத்தான். "அப்ப ஏன் என்னட்டை ஐம்பதுக்கு ஐம்பது எண்டனீர்?"

"அது உண்மைதான் அத்தான்."

நான் எழும்பினேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, குசினிப் பக்கம் பார்த்து, "போட்டு வாறன் அக்கா" என்றேன். லண்டன்காரன் "பாய்" என்றுவிட்டுப் போய்விடுவான். நாங்கள் "போய்விட்டு வருகிறேன்" என்று போகும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கேட்கிற ஆட்கள். அவள் பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்தது.

அக்கா ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போட்டு வாங்கோ."

வாங்கோவா? பிறந்த நாளிலிருந்து என்னை வா, போ என்றவள். பின்னால் திரும்பிப் பார்த்தேன், ஒருவருமில்லை. மரியாதை தந்து என்னை அந்நியனாக்கிவிட்டாளா, இல்லை இரண்டு பேராக எண்ணிவிட்டாளா? கேட்கத் துணிவில்லை. ரயிலில் வழிநெடுக அந்தச் சொல்லையே மென்றுகொண்டு வந்தேன்.

அக்கா என்ன சொன்னாள் என்று கொலின் கதவடியிலேயே கேட்டான். ஆங்கிலத்தில் ஒருத்தனுக்கும் "யூ", ஊருக்கும் "யூ". "யூ கோ அண்ட் கம்" என்றாள் என்றேன். அதில் தானும் உண்டா என்றான்.

பார்ட்னரல்லவா? "வா" எனக்கு, "ங்கோ" உனக்கு என்று பிரித்துக் கொடுத்தேன்.