மிச்சம் என்று எழுதிய குப்பி

அத்தை பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள். பிற்பகல் மூன்று மணி இருக்கும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், அத்தை தன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. பெரியதில் 'ஆரம்பம்' என்றும் சிறியதில் 'மிச்சம்' என்றும் காகிதம் ஒட்டியிருந்தது. இரண்டிலும் நிறமற்ற ஒரே திரவம். அம்மா தெரியாமல் கொட்டிவிடக் கூடாது என்றுதான் அத்தை தமிழில் எழுதினாள். எங்கள் வீட்டில் முதலில் கொட்டப்படுவது மிச்சம்தான் என்பதை அவள் யோசிக்கவில்லை.

அத்தை, அப்பாவின் தங்கை. வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டு, தண்டையார்பேட்டையில் எங்களோடு இருந்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டினார்.

"மிச்சத்தத் தூக்கிக்கினு பெங்களூர் போறியா? கொண்டு போறதுதான் போற, நல்லதா ஒண்ணு கொண்டு போ" என்று அன்று காலையில் அப்பா அவளைச் சீண்டினார்.

அத்தை விடவில்லை. "ஹார்பர் கேட்டாண்ட காலைல நூறு வண்டி நிக்கிதுன்னு வெச்சிக்கோண்ணா. லைட் வண்டியெல்லாம் சட்டுனு திரும்பிப் பூடும். சாயங்காலம் மிச்சம் நிக்கிறதுல வெயிட்டு வண்டிதான் ஜாஸ்தியா இருக்கும். வண்டில எந்த எடத்துல வெயிட்டு கீதுன்னு பாத்தா, எந்த வளைவுல மாட்டுதுன்னு சொல்லிடலாம். இதுலயும் அப்டித்தான். கார்பன் அணுவுல நூத்துல ஒண்ணு கொஞ்சம் குண்டு. நாம எதையும் சேக்கல, தானாவே அப்டி கீது. குண்டு உள்ளது மெதுவா மாறும், கடைசி மிச்சத்துல அதான் ஜாஸ்தியா நிக்கும்."

"மாட்டிக்கினு நிக்கிற வண்டியப் பாக்க பெங்களூரா? எண்ணூர் ரோட்டுக்கு வா, ஓசிலயே காட்டறேன்."

எல்லோரும் சிரித்தோம். ஒரு லிட்டர் திரவத்தை மூன்று வாரம் வினைபுரியவிட்டு, மாறாமல் நின்ற கடைசி ஒரு ஸ்பூனை மட்டும் அவள் பிரித்தெடுத்திருந்தாள். அதை அளக்கும் பெங்களூர் இயந்திரத்தில் இடம் கிடைக்க நான்கு மாதம் காத்திருந்தாள். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் பிற்பகலில் டப்பாவைத் திறந்தேன்.

வாசனைக்காகத்தான். புதினாவும் நகப்பூச்சும் கலந்ததுபோல் ஒரு வாசனை. சின்னக் குப்பியின் மூடியைத் திருகி முகர்ந்தேன். மாடிப்படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக மூடப் போனதில் குப்பி சாய்ந்தது. பாதிக்கு மேல் டப்பாவுக்குள் கொட்டியது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வரும். அடுக்களையில் எந்தக் குடம் குறைந்தாலும் டிரம்மிலிருந்து மொண்டு விளிம்புவரை நிரப்பிவைப்பது என் வேலை. அதனால் நான் என்ன செய்வதென்று யோசிக்கவே இல்லை. குப்பியில் அத்தை பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள். 'ஆரம்பம்' குப்பியிலிருந்து அந்தக் கோடுவரை, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல், ஊற்றினேன். டப்பாவைப் பாவாடையால் துடைத்தேன். இரண்டும் பார்வைக்கு ஒன்று, வாசனையும் ஒன்று. சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அத்தை சின்னக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் ஷூ லேசை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். கோடு சரியாக இருந்தது. இரண்டு குப்பிகளையும் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் திரும்பும்வரை மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொருக்குப்பேட்டை கேட்டில் ரயில் கூவினால்கூட அவள்தான் வந்துவிட்டாள் என்று திடுக்கிட்டேன். இயந்திரத்துக்குப் பாவாடையில் துடைத்தது வரை தெரிந்துவிடும் என்று ஒரு பயம்.

அவள் வந்தாள். "மிச்சத்துல குண்டு அணு ஏற வேண்டிய அளவுல பாதிகூட ஏறலண்ணா. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டு மாலையில் வந்தாள். என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். உலர்ந்த துணிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தாள்.

"பாப்பா, நீ பெரிய பாட்டில்லேருந்து சின்னதுல ஊத்துனியா?"

நான் கொடியிலிருந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"அடிக்க மாட்டேன். எவ்ளோ ஊத்துனன்னு மட்டும் சொல்லு. சரியா சொன்னீன்னா அதக் கழிச்சிக் கணக்கு போட்டு எங்க கைடு சாராண்ட காட்டவாவது ஆவும்."

"ரெண்டு சொட்டு அத்தே."

"நல்லா யோசிச்சி சொல்லு."

"ரெண்டே ரெண்டு சொட்டு."

அவள் எழுந்தாள். "சரி, போ" என்றாள். அடியில்லை, திட்டில்லை. நான் படியில் துள்ளிக்கொண்டு இறங்கினேன். குறைத்துச் சொன்னதால் அவளுக்கும் வருத்தம் குறைந்திருக்கும் என்றே நம்பினேன். அத்தை அடுத்த வாரம் மறுபடியும் ஒரு லிட்டரில் தொடங்கினாள். இயந்திரத்துக்கு மறுபடியும் நான்கு மாதம் காத்திருந்தாள்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அவளுடைய அந்த வருட நோட்டு கிடைத்தது. எடை பார்க்காமல் எந்தக் குப்பியையும் அவள் ஆராய்ச்சிக்கூடத்தைவிட்டு வெளியே எடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் திரும்பி வந்த மறுநாள் தேதியில், காலை பதினொரு மணி என்று குறித்து, ஒரு வரி இருந்தது: 'ஆரம்பம் குப்பி: 2.6 கிராம் குறைவு. ஊற்றப்பட்டதா, ஆவியானதா? கேட்க வேண்டும்.'

அதன் கீழே, வேறு மையில்: 'பாப்பா சொன்னது: இரண்டு சொட்டு.'

இரண்டு சொட்டு கால் கிராம்கூட இருக்காது; ஆனாலும் அந்த வரியை அவள் அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அடுத்த பக்கம் 'ஆரம்பம், 1 லிட்டர்' என்று தொடங்குகிறது.