இரண்டு கடைக்காரர்கள் வெட்டிய கால்

2011-ஆம் வருஷம், மாசி மாதம் என்று நினைவு. திருவட்டாறு பக்கம் எங்கள் வீடு. பிரசவத்துக்கு வந்த இளைய மகள் கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மருமகனுக்கும் பக்கத்துத் தோட்டங்களிலேயே வேலை கிடைத்ததால் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்கு மரம் முறிக்கிற வேலை. பால் வற்றிப்போன ரப்பர் மரங்களை மொத்தமாக முறித்து, துண்டு போட்டு, லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். எங்கள் பக்கம் அதைத் தடி வேலை என்போம்.

மரம் அறுக்கிற மெஷின் வாள் மருமகனுடையது இல்லை. தடி முதலாளியுடையது. அந்தச் சமயம் ஒரு பெரிய தோட்டம் முறிப்புக்கு வந்தது. சொந்த வாள் வைத்திருக்கிறவனுக்குத்தான் இந்த வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றைக்கு மருமகன் சோற்றில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் யார் முன்னாலும் குறைந்து நின்றவள் இல்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டியே இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தேன். மூத்தவளுக்குப் பிள்ளை பிறந்தபோது பசுவும் கன்றும் கொடுத்தனுப்பினேன். இளையவளுக்கு என்ன செய்தாய் என்று ஒருத்தர் கேட்டுவிடக் கூடாது. வாளை நானே வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. பெண் வீட்டிலிருந்து கொடுக்கிற பொருளை மருமகன் கடைக்கு வந்து பார்த்துப் பொறுக்கக் கூடாது. அது வாய்விட்டுக் கேட்டு வாங்கினது போல ஆகிவிடும். எந்த மெஷின் நல்லது என்று கேட்டதற்கு, "மாமி எது வாங்குனாலும் ஓடும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆக, வாளைப் பற்றி ஒன்றும் தெரியாத நான்தான் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மெஷினில் இருக்கிற பெயரெல்லாம் இங்கிலீஷ். எனக்கு நிறம்தான் அடையாளம்.

முதலில் குலசேகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே மஞ்சள் மெஷின். கடைக்காரர் நாற்பது வயது இருப்பார். மரியாதையாக நாற்காலி போட்டார், சாயா வரவழைத்தார். மெஷினை மேஜையில் வைத்து, இது இது இப்படி என்று காட்டினார். வேறு எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். மார்த்தாண்டத்தில் நீல மெஷின் ஒன்று இருக்கிறதாமே, அதையும் பார்க்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான். மனிதர் தன் மெஷினை மறந்தே போனார்.

"அம்மா, நீலமா? அத மட்டும் தொடாதிங்க. திற்பரப்புல ஒரு ஆளு, நல்ல வேலக்காரன். செயினு பாதி அறுப்புல அத்து வந்து காலக் கொண்டுபோச்சு. இப்பம் கம்பு ஊணிட்டு நடக்கான். ஒங்க மருமவன் நல்லா இருக்கணுமா வேண்டாமா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டேன். சரி, யோசித்து வருகிறேன் என்று எழுந்து, நேராக மார்த்தாண்டம் பஸ் ஏறினேன்.

நீல மெஷின் கடைக்காரர் வயதில் இளையவர், சிரித்த முகம். நான் மஞ்சள் மெஷின் என்று வாயெடுத்ததும் அவர் சிரிப்பு இன்னும் பெரிதானது.

"அம்மச்சி, அது மெஷினா? வெளயாட்டுச் சாமானு. திற்பரப்புல ஒரு ஆளுக்கு அதுனாலதான் காலு போச்சு."

எனக்கு வெயிலில் நின்றது போல ஆகிவிட்டது. "கம்பு ஊணிட்டு நடக்கிய ஆளா?" என்று கேட்டேன்.

"ஆமா, அம்மச்சிக்குத் தெரியுமா?"

"நீல மெஷினுதான் அந்தக் கால எடுத்துன்னுல்லா குலசேரத்துல சொன்னான்."

"அவன் அப்பிடித்தான் சொல்லுவான்" என்று இவர் அதற்கும் சிரித்தார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பெல்லாம் மருமகன் காலையில் வேலைக்குப் போனால் போனார் என்று இருப்பேன். இப்போது அவர் செருப்பு மாட்டுவதைப் பார்த்தாலே வாசல்வரை பின்னால் போனேன். பேத்தியைக் குளிப்பாட்ட முழங்காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது, அந்தச் சின்னக் காலைக் கையில் பிடித்தபடியே இருந்துவிடுவேன். அடுப்பில் வைத்த கஞ்சி பொங்கி வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கும்பிடுகிற அய்யா பதிக்குப் போய் நின்றேன். எல்லோரும் சேர்ந்து பாட்டுப் படிக்கிறார்கள், என் காதில் செயின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

மகள் கவனித்துவிட்டாள். "எம்மா, ஒனக்கு என்ன பண்ணுது? மெஷினு வாங்க மனசில்லன்னா விட்டுரு, அவிய ஒண்ணும் நெனைக்க மாட்டாவ" என்றாள்.

"போ ஏட்டி" என்று சத்தம் போட்டேன். மனதில்லாமல் இல்லை. நான் வாங்கிக் கொடுத்த மெஷின் என் மகள் புருஷனின் காலை எடுத்துவிட்டால் என்ன செய்வேன் என்பதுதான். அவள் கைப்பிள்ளையோடு நிற்பாள். ஊர் என்னைத்தான் கை காட்டும். ஊர் கிடக்கட்டும், அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? வாங்காமலும் இருக்க முடியாது. தோட்டம் முறிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி வேறு ஆளிடம் பேச்சுக் கொடுக்கிறார் என்றும் காதில் விழுந்தது.

ஒருநாள் காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், பாதியில் அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். கால் போனது ஒரு ஆளுக்கு. எந்த மெஷினால் போனது என்று அந்த ஆளுக்குத் தெரியாதா? அவரிடமே கேட்டுவிடலாம். புடவை மாற்றி, ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு திற்பரப்பு பஸ் ஏறினேன்.

அருவிக்குப் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் விசாரித்ததும் கையைக் காட்டிவிட்டார்கள். குளிக்க வருகிறவர்களுக்குச் சோப்பு, எண்ணெய், துண்டு விற்கிற சின்னக் கடை. அதன் பின்னால் ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. ஒரு பக்கம் கம்பு சாய்த்து வைத்திருந்தது. அவர் மனைவி ஈரத்துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு சோப்பு வாங்கினேன். பிறகு பழத்தை நீட்டினேன். அவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீலமா, மஞ்சளா?" என்று கேட்டார்.

பழத்தைக் கடைப் பலகையில் வைத்தேன்.

"மெஷினு வாங்கப் போறவிய எல்லாரும் இங்க ஒருக்கா வந்து எட்டிப் பாத்துட்டுத்தான் போறாவ. கடைய அருவிக்கு வச்சனா, என் காலுக்கு வச்சனான்னு தெரியல" என்று சிரித்தார். சிரிப்புதான், ஆனால் கேட்க முடியவில்லை.

மனைவி திரும்பிப் பார்த்து, "வயசான மனுஷி பஸ் ஏறி வந்திருக்கு. கிண்டல் பேசாம சொல்லும்" என்று அதட்டினாள். எனக்கு உட்கார இடம் காட்டினாள்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அவர் காலை எந்த மெஷினும் தொடவில்லை. செயினும் அறவில்லை. மரம் முறிக்கிறவர்கள், மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் அடியில் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம், வாய் என்பார்கள், வெட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் பின்பக்கம் அறுப்பார்கள். அப்போதுதான் மரம் சொன்ன இடத்தில் விழும். அன்றைக்கு மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தடி ஏற்ற வந்த லாரி மண் ரோட்டில் நிற்கிறது. மழை விழுந்தால் டயர் புதைந்துவிடும் என்று டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு மரம். வாய் வெட்டாமல் நேராகப் பின்பக்கம் அறுத்துவிட்டார். மரம் நடுவில் பிளந்து, அடித்தடி உதைத்துக்கொண்டு வந்து காலில் இறங்கிவிட்டது.

"அந்த ஆரன் சத்தம் இருக்கே அம்மா, அது மண்டைக்குள்ள ஏறுனா கை தானா ஓடும். மெஷினு என்ன செய்யும், நம்ம பிடிச்ச எடத்த அறுக்கும்."

"அப்பம் அந்தக் கடைக்காரனுவளுக்கு இது தெரியாதா?"

"தெரியாம என்ன? ஆஸ்பத்திரியில கெடக்கும்ப ரெண்டு பேரும் வந்து பாத்தாவ. குலசேரத்துக்காரன் ஆரஞ்சு வாங்கிட்டு வந்தான். என் கட்டில்ல உக்காந்து எல்லாம் கேட்டுட்டுத்தான் போனான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எழும்பு மக்ளே, இப்பமே போவோம். நான் கேக்கேன் அவன" என்று எழுந்துவிட்டேன்.

"வேண்டாம்மா. நான் போய் கேட்டா, கேட்டதையும் சேத்து விப்பான்" என்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் மகள் வயதுதான் அவளுக்கு.

எதை வாங்கட்டும் என்று கடைசியில் கேட்டேன். இரண்டும் மரத்தை அறுக்கும், கெட்டுப்போனால் பக்கத்தில் எங்கே பழுது பார்ப்பார்களோ அதை வாங்குங்கள் என்றார். நான் புறப்படும்போது கூப்பிட்டு, "லாரி எப்பம் வரணும்னு ஆரு பேசுதது?" என்று கேட்டார். தடி முதலாளி என்றேன். "ம்" என்றார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த "ம்" என்னோடு வந்தது.

குலசேகரத்திலேயே இறங்கினேன். அதுதான் எங்களுக்குப் பக்கம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வருவியன்னு தெரியும்மா. நான் சொன்னது சரிதானே?" என்றார்.

"அந்த ஆளப் பாத்துட்டுத்தான் வாறேன். ஆஸ்பத்திரிக்கு நீ ஆரஞ்சு கொண்டு போனியாமே" என்றேன்.

மனிதருக்கு முகம் செத்துப்போனது. துணியை எடுத்து, துடைத்த மெஷினையே திரும்பத் துடைத்தார். "யாவாரத்துல ஆளுக்கொண்ணு சொல்லதுதான்ம்மா. மத்தவனும் சொல்லுதாம்லா" என்று முணுமுணுத்தார்.

"மத்தவன் கெடக்கட்டு. நீ அவன் கட்டில்ல இருந்து எந்திரிச்சு வந்தவன். மெஷின எடு, பேச்சு வேண்டாம்."

வெற்றிலை, பழத்தோடு மெஷினைத் தட்டில் வைத்து மருமகனிடம் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் மலரவில்லை. மறுநாள் நானே தடி முதலாளி வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். மரம் முறிக்கிற நாளில் லாரி வரக் கூடாது, தடி ஏற்றுவது மறுநாள்தான் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"கொள்ளாமே! மாமியாரு வந்து லாரிக்கு நேரம் குறிக்கியாவளா? மழ வந்தா என்ன செய்யதாம்? ரப்பர் தடி நனஞ்சா கறுத்துப் போவும், தெரியுமா?"

"கறுக்கட்டு முதலாளி. தடி கறுத்தாலும் ஒமக்குத் தடிதான். எனக்கு மருமவன் ரெண்டு காலோட வரணும்."

சிரிப்பு நின்றது. அந்தத் தோட்டத்துக்கு மட்டும் அப்படிச் செய்கிறேன் என்று அரை மனதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். கூட வேலை செய்தவர்கள் மருமகனை "மாமியாரு லாரி வந்தாச்சா?" என்று பரிகாசம் செய்திருக்கிறார்கள். அவர் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறார். தோட்டம் முறித்து முடிகிறவரை, சாயங்காலம் அவர் கிணற்றடியில் நின்று கால் கழுவுவதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் நான் சோறு வடிப்பேன்.

அடுத்த வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதே குலசேகரம் கடைக்கு வாள் வாங்கப் போனார். வந்து சொன்னார், நீல மெஷினால் அருமனைப் பக்கம் ஒருத்தருக்குக் கை போய்விட்டதாம், கடைக்காரர் மிகவும் வருத்தப்பட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அப்படி ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரோ என்னவோ. இருந்தால், அவர் கை எப்படிப் போனது என்று அவரிடம் யாராவது போய்க் கேட்டிருப்பார்களா? இன்றைக்கும் யாராவது ஒருத்தரின் கஷ்டத்தைச் சொல்லி எதையாவது விற்க வந்தால், சொல்கிறவர் முகம் எனக்குத் தெரிவதில்லை. அருவிக்குப் போகிற வழியில் ஈரத்துண்டோடு நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் தெரிகிறது, அதன் பிறகு அன்றைக்கு முழுக்க எந்த வேலையிலும் என் கை ஓடுவதில்லை.