எல்லாருக்கும் ஒரே பின்

சொந்த வீட்டுக்குள்ளேயே வயர் திருடியவன் நான். அதுவும் அறுபது வயதைத் தாண்டி, பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுகிற காலத்தில். போன் சார்ஜ் செய்கிற வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டி, அலுமாரியில் பெருநாளுக்கு உடுத்துகிற சாரன்களுக்கு அடியில் ஒளித்துவிட்டு, ஒன்றும் அறியாதவன் போலக் கதிரையில் வந்து உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டினேன். எனக்குப் புத்தி மட்டு என்று மனைவி சொல்லும்போதெல்லாம் மறுத்து வந்திருக்கிறேன். இனி மறுக்க வாயில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மருமகன். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் மகளைக் கட்டியவரும் அப்படித்தான் எங்கள் ஊரான கனமூலைக்கு ஒரு சூட்கேசோடும் ஒரு மோட்டார் சைக்கிளோடும் வந்து சேர்ந்தார். உப்பளத்தில் பம்ப் பார்க்கிற வேலை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். அவர் பிறந்ததே இங்கே ஓலைக் கொட்டிலில். ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்ததாலோ என்னவோ, யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். கல்யாணத்தன்று சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் இறைச்சியைத் தேடிச் சஹனின் நாலு திசைக்கும் பயணம் போனேன். மாப்பிள்ளையின் கை தனக்கு முன்னால் இருந்த சோற்றைத் தாண்டவில்லை. மார்க்கப்படி அவர்தான் சரி.

எனக்கு இருக்கிற ஒரே மகனுக்குச் சவூதியில் வேலை. வீட்டில் மனைவியும் மகளும் கதைத்துக்கொண்டால் எனக்கு அதில் இடமில்லை. மருமகன் வந்தால் கதைப்பதற்கு ஓர் ஆள் கிடைக்கும் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். வந்தவர் "ஸலாம்", "ஓம் மாமா", "இல்ல மாமா" ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு கல்யாணம் முடிந்த முதல் மாதம் முழுவதையும் ஓட்டிவிட்டார். நான் பகிடி விட்டால் நிலத்தைப் பார்ப்பார். தேங்காய் வியாபாரத்தில் எத்தனையோ பேரைப் பேச வைத்த எனக்கு இது பெரிய மானக்கேடு.

ஒருநாள் அவருடைய சார்ஜர் வயர் எரிந்து போனது. அவருடையது பழைய மாதிரிச் சார்ஜர் பின் குத்துகிற போன். மனைவியும் மகளும் புதுப் பின்னுக்கு மாறிவிட்டார்கள். வீட்டில் வேலை செய்கிற பழைய பின் வயர் என்னிடம் மட்டும்தான், அதுவும் என் கதிரைக்குப் பக்கத்துப் பிளக்கில். அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"மாமா, வயர ஒருக்கா எடுக்கவா?"

"அத எடுத்துட்டுப் போகேலா மருமவன். அசைஞ்சா நிண்டுடும். இஞ்சயே குத்திட்டு, கையால கொஞ்சம் வளைச்சிப் புடிங்க."

அது பொய்யில்லை. அந்த வயர் என்னைப் போலத்தான், வளைத்துப் பிடிக்காவிட்டால் வேலை செய்யாது. அவர் போனைப் பிடித்துக்கொண்டு இராத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை என் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. கை கட்டுண்டு கிடக்கிற மனிதனுக்கு வாய் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

"வண்ணாத்திவில்லுப் பக்கம் ஆனை எறங்கி தென்னங்கண்டெல்லாம் திண்டுட்டாம்," என்றேன் ஒருநாள்.

"நீங்க தேங்காய்க்குச் சொல்லுற வெலய கேட்டிரிக்கும் மாமா. காயா வாங்கேலா, கண்டாவே திண்டுடுவம் எண்டு நெனச்சிரிக்கும்."

நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமில்லை, தோள் இரண்டும் மட்டும் குலுங்கின. சத்தமில்லாமல் தோளால் சிரிக்கிற ஆள் என்று அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாளும் நான் நிலத்தைப் பார்க்கிறார் என்று கவலைப்பட்டது வீண். தோளையல்லவா பார்த்திருக்க வேண்டும்.

இப்படி நாங்கள் நன்றாக இருந்த காலத்தில்தான் சவூதியிலிருந்து மகன் போன் எடுத்தான்.

"வாப்பா, இஞ்ச அரசாங்கம் சட்டம் போட்டுட்டு. எந்தக் கம்பனிட போனா இருந்தாலும் ஒரே பின்தான். வேற பின் வெச்சி புதுசா விக்கேலா. ஐரோப்பாவுலயும் அப்பிடித்தானாம்."

"பின்னுக்குமா சட்டம்?"

"ஓம் வாப்பா. ஆளுக்கொரு பின் வெச்சா சனத்துக்கு எவ்வளவு கரைச்சல்?"

மனைவி போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "நல்ல சட்டம் மகன். மேச லாச்சிய தொறந்தா பாம்புப் புத்து மாதிரி வயர். எது எதுக்கெண்டே தெரியா."

எனக்கும் வியப்புதான். பிறை பார்க்கிற விஷயத்தில் ஊரில் எல்லாரையும் ஒரே நாளில் பெருநாள் எடுக்க வைக்க நம்மால் முடியவில்லை. உலகத்துக் கம்பனிகளை ஒரே பின்னுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம் என்று நானும் சொன்னேன். யாருக்கு நல்லது என்று யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் லீவில் வந்த கூட்டாளியிடம் மகன் இரண்டு புதுப் போன் கொடுத்து அனுப்பினான். எனக்கு ஒன்று, அவன் மச்சானான என் மருமகனுக்கு ஒன்று. இரண்டும் மனைவியின் போனுக்குரிய அதே பின். மனைவி அன்றே லாச்சியைக் காலி செய்து பழைய வயர்களை ஒரு பையில் கட்டி, பழைய இரும்பு எடுக்க வந்தவரிடம் கொடுத்துவிட்டாள். என் வளைந்த வயரும் அதோடு போயிற்று. சமைக்கிற குசினியில் ஒரு வயர், ஹோலில் என் கதிரைக்குப் பக்கத்தில் ஒன்று, மகளின் அறையில் இரண்டு. எந்த வயர் எந்தப் போனுக்கும் சரி.

அன்று மஃரிபுக்குப் பின் நான் கதிரையில் இருந்தேன். மருமகன் வந்தார். ஸலாம் சொன்னார். போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். பழையபடி "ஓம் மாமா", "இல்ல மாமா". சட்டம் போட்டவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். கனமூலையில் ஒரு கதிரைக்குப் பக்கத்துக் கதிரை காலியாகும் என்பதை மட்டும் யோசித்திருக்க நியாயமில்லை.

ஆகவேதான் திருடினேன். குசினி, அறை எல்லாவற்றிலும் இருந்ததைக் கழற்றிவிட்டு, என் பக்கத்துப் பிளக்கில் ஒன்றே ஒன்றை மட்டும் விட்டேன். இனி எங்கே போவார் என்று எனக்குள் ஒரு கள்ளச் சிரிப்பு.

முதலில் மனைவி வந்தாள். பிறகு மகள். அதுவும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் வீட்டில் கறண்ட் போயிற்று என்று வந்து குத்திவிட்டுப் போனாள். பள்ளிவாசல்துறையிலிருந்து மீன் கொண்டு வருபவர், "எல்லாம் ஒரே பின்தானே ஹாஜியார்," என்று சொல்லித் தன் போனையும் குத்திவிட்டு அடுத்த தெருவுக்கு மீன் விற்கப் போய்விட்டார். ஊரின் போன்களுக்கெல்லாம் நான் காவல் இருந்தேன். மருமகன் மட்டும் வரவில்லை. மஃரிபுக்குப் போனவர் இஷாவும் முடிந்துதான் வீட்டுக்கு வந்தார். ஒரு கிழமையாக இதுதான்.

கடைசியில் மகள் சொன்னாள்.

"வாப்பா, அவர் பள்ளி விறாந்தையில சார்ஜ் போட்டுட்டு இரிக்கிறாராம். ரூமுல வயரக் காணல்ல எண்டு சொன்னா, பரவால்ல எண்டுட்டார்."

"ஹோல்ல இரிக்கே."

"அது வாப்பாட வயராம். எப்பவும் ஆக்கள் குத்தியிரிக்காங்களாம். கரைச்சல் குடுக்கக் கூடாதாம்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. "பொண்ணு குடுத்த ஊட்டுல ஒரு வயருக்கு வழியில்லயா எண்டு ஊர் கேக்கப் போகுது," என்று சட்டியிடம் சொன்னாள்.

பள்ளிவாசல் விறாந்தையில் இருக்கிற பிளக் வழிப்போக்கர்களுக்கானது. தூர ஊரிலிருந்து ஜமாஅத்தில் வருபவர்கள் அதில் எப்போதும் தொங்குகிற வயரில் குத்துவார்கள். கொட்டிலில் பிறந்து, ஒரு வீடென்று என்னிடம் வந்து சேர்ந்தவரை, நான் என் பங்குக்கு இன்னொரு முறை வெளியே அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு இதைச் செய்தேன் என்று சொன்னால் எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்?

அடுத்த நாள் மஃரிப் முடிந்ததும் நான் வீட்டுக்கு வரவில்லை. விறாந்தையில் தூணில் சாய்ந்து கால் மடித்து உட்கார்ந்திருந்தவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் அவசரமாகக் காலை இழுத்து எனக்கு இடம் விட்டார். பிளக்கில் இருந்த போன் நூறு காட்டியது. ஏறி முடிந்தும் எழும்பாமல் இருந்திருக்கிறார்.

"மருமவன், ஊட்டுல வயர் காணாமப் போச்சில்லயா?"

"பரவால்ல மாமா."

"அத நான்தான் எடுத்தேன். சாரனுக்குக் கீழ ஒளிச்சி வெச்சிரிக்கேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னத்துக்கு மாமா?"

"ஒரு வயர் மட்டும் எனக்குப் பக்கத்துல இருந்தா, முன்ன மாதிரி நீங்க வந்து இருப்பீங்க எண்டு."

தோளைப் பார்த்தேன். குலுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் வழக்கம்போல ஒரு பகிடி தேடினேன், கிடைக்கவில்லை.

"ஏன் மருமவன், சார்ஜ் இல்லாட்டி என்ன? சும்மா வந்து பக்கத்துல இருந்திரிக்கலாமே?"

அவர் போனைக் கழற்றி, பள்ளிவாசல் வயரை மெதுவாகச் சுற்றிப் பிளக்கில் மாட்டிவிட்டு, போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

"நீங்க கூப்பிடல்லயே, மாமா."