காரணத்தைச் சொல்லியிருந்தால்

திண்டுக்கல்லில் நான் ஆயுள் காப்பீட்டு முகவர். முன்பெல்லாம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், பட்டும் படாமலும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் முருகேசனின் விண்ணப்பம், ஈசிஜி சரியில்லை என்று திரும்பி வந்தது. காரணம் தெரிந்தால், அவரோடு வேலை பார்ப்பவர்கள் டெஸ்ட்டுக்குப் பயந்து பாலிசியே வேண்டாம் என்பார்களோ என்று யோசித்தேன். போனில், "கம்பெனியில இப்ப எடுக்கலையாம்ணே, அடுத்த வருசம் பாப்போம்" என்று மட்டும் சொன்னேன். "சரிங்க" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, லாரியில் தக்காளிப் பெட்டி ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் இனி பாரமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பார்க்கப் போனேன். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே சமாளிச்சிருக்கலாம்னாருங்க டாக்டர்" என்றார் அவர் மனைவி. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"கம்பெனியில உங்களுக்கும் காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்று முருகேசன் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் யாருடைய விண்ணப்பம் திரும்பி வந்தாலும் நேரில் போய்க் காரணத்தைச் சொல்லி, டாக்டரிடம் அனுப்புகிறேன். முருகேசனிடம் மட்டும் உண்மையைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.